மழித்த தலையும் மழியாத மலமும்

சைவ நன்மக்கள் தலைமயிரைப் பேணிய முறை ஒருதன்மைத்தன்று. சடை வளர்த்தோரும், குடுமி வைத்தோரும், முழுதும் மழித்தோரும் ஆகிய மூவகையாரும் சைவ உலகத்து என்றும் இருந்து வந்துள்ளனர். முழுமுதற் பொருளாகிய சிவபெருமானோ செஞ்சடைக் கடவுள். அவன் அடியாருள் தலைசிறந்த திருநாவுக்கரசு நாயனாரோ, திருக்கோயில்கள்தோறும் மழித்த தலையினராகவே எழுந்தருளியிருக்கின்றார். இறைவன் சடையனாக, அடியார் முண்டிதராக இருத்தல் ஒன்றனோடொன்று முரணாதோ எனச் சிலர் ஐயுறுவர். மழித்தல் என்னும் செயல் தமிழ்நாட்டில் எவ்வெவர் கையில் எவ்வெப் பொருள் பெற்றது என்பதை வரலாற்று முறையில் ஆராயின் அவ்வையம் நீங்கும். அவ்வாராய்ச்சிக்குக் காஞ்சிமாநகரும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் சிறந்த களமாகும்.

காஞ்சிக்கு மேற்கே, சென்னையினின்று பெங்களூர் செல்லும் பெருவழியில் அமைந்தது தாமல் என்னும் ஊர். பரந்த ஏரியொன்றை உடையது. வராக வடிவில் வந்த திருமால் பூசித்தமையால் வராகீசுவரர் எனப் பெயர் பெற்ற சிவபெருமான் கோயிலும், தாமோதரப் பெருமாள் கோயிலும் அவ்வூரில் உள்ளன. திருமால் ஆழி வேண்டி ஆயிரம் தாமரை மலரால் அருச்சித்ததாகப் புராணம் கூறும் திருமாற்பேறு என்னும் பாடல்பெற்ற தலமும் தாமலுக்கு அண்மையிலேயே உளது. ஆளுடைய பிள்ளையாரும் ஆளுடைய அரசரும் அத்தலத்தைப் பாடியுள்ளனர். காஞ்சித் திருவேகம்பத்தை வழிபட்ட நாவுக்கரசர், உழவாரம் ஏந்திய கையினராய், இப்பகுதி நிலத்தில் நடந்து திருமாற்பேறு தொழுதனர் என்பது இவ்வாராய்ச்சியில் மறக்கற்பாலதன்று.

நாவுக்கரசர் காலமாகிய ஏழாம் நூற்றாண்டில் காஞ்சி பல சமயத்தார் கூடி வாழ்ந்த பெருநகராய் இருந்தது. ஏறத்தாழ 640-ஆம் ஆண்டில் அங்கு வந்த சீன யாத்திரிகராகிய யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும் பதினாயிரம் பிக்குகளும் அந்நாட்டில் இருந்தமையைக் குறித்துள்ளார். தேவர் கோயில்கள் எண்பது அளவின என்றும், நிக்கிரந்தர் பலர் இருந்தனர் என்றும் அவர் கூறுவர். நகரின் ஒருபுறமாகிய திருப்பருத்திக்குன்றம் இன்றும் சினகாஞ்சி என வழங்கப்படுகின்றது. இவரேயன்றிப் பாசுபதரும் காபாலிகருமாகிய சைவ வேடத்தாரும் அந்நகரில் இருந்தனர்.

இவர்கள் தத்தம் கொள்கையைத் தம் தலைமேலேயே எழுதி வைத்திருந்தனர் எனல் பொருந்தும். பௌத்த பிக்கு சவரக்கத்தியால் தலையை மழிப்பவர். அவர் தம்முடன் வைத்துக்கொள்ள இசைவு பெற்ற எட்டுப் பொருள்களுள் சவரக்கத்தியும் ஒன்று. தலைமயிர் இரண்டு விரற்கடைக்கு மேலோ, இரண்டு திங்களுக்கு மேலோ வளர விடலாகாது என்பது விநயபிடக விதி. சமண முனிவரோ கத்தியைத் தீண்டார். தம் கையாலேயே மயிரை வேரோடு பறித்தெறிவர். இதனை லோசம் என்ப. இரண்டு முதல் நான்கு திங்கள்களுக்கு ஒருமுறை இதனைச் செய்வது திகம்பர முனிவர் ஒழுக்கம். கருவியை நம்பாமையும், உடம்பின் துன்பத்தைப் பொறுத்தலும், நீர்வாழ் உயிர் முதலியவற்றுக்கு ஊறு செய்யாமையும் அதன் நோக்கங்களாகும். காபாலிகரும் பாசுபதரும் சடை தாங்கினர்.

இவருள் பௌத்தரையும் காபாலிகரையும் பாசுபதரையும் ஒரே மேடையில் நிறுத்திப் பார்த்தவன் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன். அவன் வடமொழியில் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகைச்சுவை நாடகம் காஞ்சி வீதியிலேயே நிகழ்கின்றது. கபாலத்தை இழந்த காபாலிகன் ஒருவனும் அவன் துணைவியும் ஒரு பௌத்த பிக்குவின்மேற் பழி சுமத்திப் பூசலிடுகின்றனர். பூசலில் அப்பெண் பிக்குவின் தலைமயிரைப் பற்றி இழுக்கக் கைநீட்டுகின்றாள். பற்றுதற்கு அங்கே மயிர் இல்லாமையால் அவளே தடுமாறி வீழ்கின்றாள். தலையை மழிக்கச் சொன்ன புத்தரின் முன்னறிவை அப்பிக்கு உள்ளத்துள் வியந்துகொள்கின்றார். நகைப்புக்காக அமைத்த காட்சியே எனினும் அதனுள் ஒரு கருத்து மறைந்துள்ளது. மழித்த தலை பிறர் பிடியினின்று தப்புதற்கு உதவிற்று. ஆனால் அத்தலையை உடையார் நெஞ்சம் பற்றின் பிடியினின்று தப்பியதா என்பதே அரசன் எழுப்பும் வினா. சடையுடைய காபாலிகனையும் அவன் அதே வினாவால் எள்ளுகின்றான். எனவே மழித்தலும் சடை வளர்த்தலும் அம்மன்னன் முன் ஒருங்கே தோல்வியுற்றன.

திருவள்ளுவனார் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் இவ்விரண்டையும் ஒருசேர எடுத்துரைத்து, உலகம் பழித்த தீயொழுக்கத்தை விட்டார்க்கு அவை வேண்டப்படா என முடிவு கூறியதும் ஈண்டு நினைக்கத்தக்கது. திருமூல நாயனாரும் ஆறாம் தந்திரத்தில் அவவேடம், தவவேடம், சிவவேடம் முதலியனவாகப் பகுத்து ஓதியருளினார். வேடம் பொய்க்கும் என்பதும், பொய்யா வேடமும் உண்டு என்பதும் அப்பகுப்பினாற் பெறப்படும்.

இனித் திருநாவுக்கரசர் வரலாற்றுக்கு வருவோம். திருவாமூரில் தோன்றிய மருணீக்கியார் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை அடைந்து, தருமசேனர் எனப் பெயர் பெற்று, அச்சமய நூல்களில் வல்லுநராய்த் தலைமை எய்தினர். அந்நெறிக்குரிய லோசத்தையும் மேற்கொண்டார். பின்னர் அந்நாளைத் தாம் நினைந்து வருந்தும் இடங்களில் தலைமயிர் பறித்துத் திரிந்ததையும் குறித்துப் பாடியுள்ளார். கொடிய சூலைநோய் வந்தபோது அவர் பயின்ற நூலும் மந்திரமும் பறித்த தலையும் உதவவில்லை. தமக்கையார் திலகவதியார் திருவதிகையில் அளித்த திருநீறே உதவிற்று. ஐந்தெழுத்தோதி அத்திருநீற்றை ஏற்றுத் திருவதிகை வீரட்டானத்தே முதற்பதிகம் பாடிய அளவில் நோய் அகன்றது.

இங்கே ஒன்று ஊன்றி நோக்கத்தக்கது. சமணத்தினின்று மீண்ட பெரியார், அச்சமயத்தாரைப் போன்ற மழித்த தலைக் கோலத்தை நீக்கிச் சடை வளர்த்தார் என எண்ணுதற்கு இடமில்லை. சிற்ப மரபு அவரை மழித்த தலையும், கூப்பிய கையும், தோளிற் சார்த்திய உழவாரமும் உடையவராகவே காட்டுகின்றது. நால்வருள் அவரை எளிதில் அறிதற்கு அத்தலையும் அவ்வுழவாரமுமே அடையாளம். மாற்றம் தலையில் நிகழவில்லை. கையில் நிகழ்ந்தது. மயிரைப் பறித்த கை, திருக்கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் கையாயிற்று. உழவாரப்படை என்பது கல் பாவிய திருவீதியிலும் திருமுற்றத்திலும் முளைத்த புல்லைத் தரையோடு தரையாக மழித்தெடுக்கும் கருவி. அதனைக் கோயிலின் சவரக்கத்தி எனினும் இழுக்காது. தம் தலையை மழிப்பதால் வரும் பெருமையை விட்டு, இறைவன் முற்றத்தை மழிக்கும் பணியை அவர் ஏற்றனர்.

மழிக்குந் தொழிலின் இயல்பை ஒருசிறிது அறிந்துகொள்ளுதல் மேற்கூறப்போவதற்குத் துணைசெய்யும். தொழில் மிகப் பழைமையானது. சிந்துவெளி நகரங்களில் செம்பாலாகிய சவரக்கத்திகள் கிடைத்துள்ளன. சவரம் என்னும் சொல் க்ஷௌரம் என்னும் வடசொல்லின் திரிபு. மழித்தல் என்பது தமிழ்ச்சொல். பொருநராற்றுப்படை ஆசிரியர் பாடினியின் காதுக்கு மயிர் குறைக்கும் கத்தரிகையின் பிடியை உவமை கூறினர். அவ்வுவமை, அக்கருவி அன்று யாவரும் அறிந்த பொருளாய் இருந்தமையைக் காட்டும்.

தலையைக் குருதி சிந்தாது, கையால் தடவினாற் பளிங்குபோல் இருக்குமாறு மழித்தல் எளிய வேலையன்று. மயிர் உலர்ந்திருக்கும்போது வன்மையுடையது. நீரை உறிஞ்சியபோது தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீரை ஏற்று மென்மையாகின்றது. ஆதலின் தேர்ந்த நாவிதர் முதலில் வெந்நீராலோ தண்ணீராலோ தலையை நன்கு நனைத்து, விரல்களால் தேய்த்து, சிறிது பொழுது ஊறவிடுவர். கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டித் தோல்வாரில் இழுத்துக் கூர் திருத்துவர். மழுங்கிய கத்தியே தலையைக் கீறும். கூரிய கத்தி கீறாது. இடக்கை விரல்களால் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைத் தோலோடு படிந்த சாய்வில் வைத்து, மயிர் படிந்த திசையிலேயே முதலில் இழுப்பர். பின்னரே குறுக்காக இழுத்து எஞ்சியதை எடுப்பர். உச்சியில் மயிர் சுழித்து வளர்தலின் அங்கே திசை கணந்தோறும் மாறும். பிடரியிலும் செவியின் பின்புறத்திலும் எலும்பு மேடும் பள்ளமும் உண்மையின் கை மெல்லச் செல்லல் வேண்டும். வழுக்கை விழுந்த தலையில் மயிர் குறைவு என்பதால் வேலை எளிது எனக் கருதுதல் பிழை. உச்சித்தோல் வழுவழுப்பாய் இருக்க, பக்கங்களில் மட்டும் மயிர் அடர்ந்திருத்தலின், ஒரே அழுத்தத்தில் இழுத்த கத்தி ஓரிடத்து வழுக்கும், ஓரிடத்துச் சிக்கும். முடிவில் படிகாரம் தடவிக் கசிவை நிறுத்திச் சந்தனம் பூசுவர்.

இத்துணை நுட்பமாய் மழித்த தலையும் மறுநாள் மாலைக்குள் சொரசொரக்கும். தலைமயிர் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு வளர்கின்றது. கத்தி தொடுவது தோலுக்கு மேலே நீண்ட உயிரற்ற பகுதியை மட்டுமே. உயிருள்ள வேர் தோலினுள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் உளது. மழிக்க மழிக்க மயிர் தடித்து வளரும் என்னும் உலக வழக்கும் உண்மையன்று. 1928-ஆம் ஆண்டிலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்னும் அமெரிக்க உடற்கூற்றறிஞர் அளந்து பார்த்து, மழித்தலால் மயிரின் பருமனோ வளர்ச்சி விரைவோ மாறவில்லை என வெளியிட்டனர். வேரோடு பறித்தாலும் பயன் வேறன்று. மயிரைத் தோற்றுவிக்கும் பை தோலினுள் நிற்றலின் அங்கிருந்து மீண்டும் முளைக்கும். சமண முனிவர் ஆயுள் முழுதும் லோசம் செய்ய வேண்டியிருத்தலே இதற்குச் சான்று.

சைவசித்தாந்தம் கூறும் மலவியல்போடு இதனை ஒப்பிட்டு நோக்குக. ஆணவமலம் உயிரோடு அநாதியே உடனாய் நிற்பது. செம்பிற் களிம்புபோல்வது. கன்மமும் மாயையும் அதனை நோக்கி வந்தவை. புறத்தே காணப்படும் ஆசை, வெகுளி, செருக்கு முதலியன தோலுக்கு மேல் நீண்ட மயிர்போல்வன. நோன்பினாலும் ஒறுத்தலினாலும் அவற்றைக் குறைத்தல் கூடும். குறைத்தல் வேண்டும். ஆயினும் வேராகிய மூலமலம் உயிரின் முயற்சி ஒன்றாலே நீங்குவதன்று. அது மலபரிபாகம் எய்திச் சத்திநிபாதம் நிகழும்போது குருவடிவாக வந்த இறைவன் அருளாலேயே நீங்கும். கண்ணிற் படர்ந்த படலத்தை, அதனைப் படலம் என அறிந்த அளவினாலே நோயாளன் நீக்கிக்கொள்ள இயலாது. மருத்துவன் கையே நீக்க வேண்டும். மலம் ஒரு பொருளாதலின் இறைவன் செயலால் நீங்க வேண்டும் என ஆகமங்கள் இவ்வுவமையால் விளக்குகின்றன.

சைவக்கிரியைகளுள் மயிரறுத்தல் பாசமறுத்தலுக்கு அடையாளமாய் நிற்பது நிருவாண தீக்கையிலாம். அத்தீக்கையில் மாணாக்கன் சிகையினின்று கால்விரல்வரை பாசசூத்திரம் தொங்கவிடப்படும். ஆசிரியர் அத்துவாக்களில் உள்ள பாசத்தை அதன்கண் பாவித்துக் கலைகள்தோறும் சோதித்து, அச்சூத்திரத்தை அறுத்து ஓமத்தீயில் இடுவர். சிவதருமிணி என்னும் வகையில் இறுதியாக மாணாக்கன் சிகையையும் அறுத்து ஆகுதி செய்வர். இல்லறத்தார்க்குரிய லோகதருமிணியில் சிகைச்சேதம் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் விளங்கிய அகோரசிவாசாரியார் முதலியோர் பத்ததிகளில் தீக்கை முறை விரித்துக் கூறப்பட்டுள்ளது. இங்கே அறிய வேண்டுவது யாதெனின், அங்கும் கத்தி பாசத்தை அறுப்பதில்லை என்பதே. ஆசாரியனிடத்து நின்று செயல்புரியும் சிவசத்தியே அறுக்கின்றது. சிகை அதற்கு அடையாள மாத்திரையாய் வீழ்கின்றது. சிகையோடு இருக்கும் இல்லறத்தானுக்கும் அத்தீக்கையால் வீடு உண்டு என ஆகமம் கூறுதலின், வீடுபேற்றுக்குக் காரணம் மயிர் நீக்கம் அன்று என்பது தெளிவு.

அங்ஙனமாயின் மழித்த கோலத்தையும் சடைக்கோலத்தையும் இகழலாமோ எனின், இகழலாகாது. ஏகதண்டி சந்நியாசிகள் பௌர்ணமி நாட்களில் சவரம் செய்துகொள்ளுதலும், வியாசபூசை தொடங்கி விசுவரூப யாத்திரை வரை அதனை ஒழிந்திருத்தலும், சைவ ஆதீனங்களில் தம்பிரான்மார் பலர் சடைமுடி தரித்தலும் அவ்வம்மரபின் ஒழுங்குகள். மேலும், சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் நூற்பா அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழுமாறு பணிக்கின்றது. மெய்ப்பொருள் நாயனார், சடையும் நீறும் தாங்கி வந்தவன் தம் பகைவன் முத்தநாதன் என அறிந்தபின்னும் அவ்வேடத்துக்குத் தீங்கு நேராமற் காத்து உயிர் நீத்தார். முரண் போலத் தோன்றும் இவ்விரண்டும் உண்மையில் முரணல்ல. வேடத்தைக் காண்பவன் அதனைச் சிவமாகத் தொழக் கடவன். வேடத்தைத் தாங்குபவனோ அதனால் தான் சிவமாயினான் எனக் கருதாதிருக்கக் கடவன். முன்னையது மெய்ப்பொருளார் நெறி. பின்னையது வள்ளுவர் எச்சரிக்கை. தொழுவார்க்குரிய விதியைத் தாங்குவார் தமக்குப் பெருமையாகக் கொள்ளுமிடத்தே அவவேடம் பிறக்கின்றது.

விரும்பி அளித்த மயிருக்கும் வலிந்து பறித்த மயிருக்கும் உள்ள வேறுபாடும் சைவ வரலாற்றில் விளங்கக் காணலாம். கஞ்சாறூர் மானக்கஞ்சாற நாயனார் தம் மகளின் திருமண நாளில் மாவிரதி கோலத்தோடு வந்த இறைவன், அம்மணமகளின் கூந்தல் தம் பஞ்சவடிக்கு ஆகும் என்றனன். நாயனார் ஒருகணமும் தாழாது அதனை அரிந்து நீட்டினர். அஃது அடியார் அன்பின் எல்லை. மற்றொரு புறம், கணவனை இழந்த மகளிர் கூந்தல் களையும் கொடிய வழக்கம் புறநானூற்றுக் காலந்தொட்டே தமிழ்நாட்டில் இருந்தது. பிற்காலத்தே சில சாதியாரிடத்து, அறியாப் பருவத்துச் சிறுமியரையும் ஊரார் வலிந்து மழிக்கும் கட்டளையாக அது முறுகிற்று. இருபதாம் நூற்றாண்டின் சீர்திருத்த முயற்சிகளே அதனை வீழ்த்தின. மானக்கஞ்சாறர் வரலாற்றை அவ்வழக்கத்துக்குச் சான்றாகக் காட்டுதல் தகாது. அன்பால் அளிப்பது காணிக்கை. அச்சத்தால் இழப்பது தண்டம். மணமகனாக வரவிருந்த கலிப்பகையார் போரில் இறந்தபோது உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பியின்பொருட்டு உயிர் தாங்கித் திருவதிகையில் திருவலகும் திருமெழுக்கும் மாலைத்தொண்டும் புரிந்தனர். கைம்மையை இழிவாக்காது தொண்டாக்கிக் காட்டிய அவ்வம்மையாரை முன்வைத்தே சைவர் அவ்வழக்கத்தைப் பண்டே மறுத்திருக்கலாம். மறுக்கத் தாழ்த்தமை சைவ உலகின் குறையே.

முடியிறக்குதல் என்னும் காணிக்கை பழனி, திருத்தணி, வைத்தீசுவரன்கோயில், சமயபுரம் முதலிய தலங்களில் இன்றும் பெருக நிகழ்கின்றது. தாமல் முதலிய ஊர்களிலிருந்தும் குழந்தையின் முதன்முடியை இறக்கத் திருத்தணிக்குச் செல்வார் உளர். ஆணும் பெண்ணும், செல்வரும் வறியரும் அங்கே ஒரே தோற்றத்தினராகின்றனர். அழகென்று தாம் பேணியதை இறைவன் முன் இறக்கி வைத்தல் செருக்கை இறக்கி வைத்தற்கு ஒரு பயிற்சியாம். பயிற்சி என்ற அளவில் அதற்குப் பெருமதிப்பு உண்டு. அதனோடு எல்லாம் முடிந்தது எனக் கொள்வார்க்கு மயிர் மட்டுமே இறங்கும்.

ஆனால் இக்காணிக்கையில் அடியார் பலரும் நினையாது விடும் ஒருவர் உளர். அவர் கத்தி பிடித்த நாவிதர். காணிக்கை கொடுப்பவர் பக்தர் எனப்படுகின்றார். பெறுபவன் இறைவன். இருவர்க்கும் இடையே குனிந்திருந்து, பசியால் அழும் குழந்தையின் தலையைக் கீறாமல் மழித்துக் கொடுப்பவர் பெயர் எங்கும் சொல்லப்படுவதில்லை. பண்டை அரசர் அவரை இவ்வாறு மறந்திலர். தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசன், 1014-ஆம் ஆண்டை ஒட்டி வெட்டுவித்த நெடிய கல்வெட்டில், தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர், இசைவாணர், கணக்கர், தச்சர், கன்னார், வண்ணார் முதலியோரோடு நாவிசம் செய்வோரையும் நெற்பங்கு பெறும் கோயிற் பணியாளராகக் குறித்தனன். பெருந்தச்சனுக்குத் தன் பெயரைப் பட்டமாகத் தந்ததுபோலவே நாவிதனுக்கும் இராசராசப் பெருநாவிசன் என்னும் பட்டம் தந்தனன். விமானத்தை எடுத்த கையும் மயிர் களைந்த கையும் ஒரே அரசன் பெயரைத் தாங்கி ஒரே கல்லில் நிற்கின்றன.

தொண்டைமண்டலத்துச் சிற்றூர்களின் நிலையும் இதனோடு ஒத்ததே. காஞ்சி, உத்திரமேரூர் முதலிய பகுதிகளை உட்கொண்ட செங்கற்பட்டு ஜாகீரில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பார் ஊர்தோறும் அளவெடுத்துக் கணக்கெழுதினர். அக்கணக்குகளில், களத்தில் நெல் அளக்கும்போது கோயில், ஏரி, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் என ஒவ்வொருவர்க்கும் பிரித்தெடுத்த பங்குகளும், அவர்க்கென விடப்பட்ட மானிய நிலங்களும் குறிக்கப்பட்டுள்ளன. ஏரி நீரால் விளைந்த நெல்லில் இறைவனுக்குப் பங்கு எடுத்த களத்திலேயே நாவிதருக்கும் பங்கு எடுத்தனர். அப்பங்கு பிச்சையன்று. உரிமை. அந்நாவிதர் மழிப்பதோடு நின்றவரல்லர். அடைப்பத்தில் கத்தியோடு நகவெட்டியும் புண்ணறுக்கும் கருவியும் வைத்திருந்து கட்டிகீறி மருந்திட்டவர். அவர் மனைவியர் ஊரின் மருத்துவச்சியராய்ப் பிள்ளைப்பேறு பார்த்தனர். பிறந்த குழந்தையை முதலில் ஏந்தியதும், முதன்முடி இறக்கியதும், பல ஊர்களில் ஈமச்சடங்கை முன்னின்று நடத்தியதும் அக்குடும்பத்தார் கைகளே. மருத்துவர் என்னும் பெயரை அவர்கள் இன்றும் தாங்குதல் இதுபற்றியே. களப்பங்கும் மானியமும் ஒழிந்த பின்னர், தொழில் நின்றது. மதிப்பு நில்லாதாயிற்று. ஊரார் அவர்தம் தொழிற்பெயரையே வசைச்சொல்லாக வழங்கலாயினர்.

கருவி மாறியும் நிலை மாறவில்லை. 1904-ஆம் ஆண்டில் கில்லெட்டு என்பார் மாற்றிச் செருகும் மெல்லலகுக் கத்திக்கு அமெரிக்காவில் உரிமை பெற்றதன் பின், தீட்டும் தோல்வார் மெல்ல மறைந்தது. ஒருவர்க்கு ஓர் அலகு என்னும் முறை பெருந்தலங்களில் இப்போது வேரூன்றியுள்ளது. குருதியால் பரவும் மஞ்சட்காமாலை நச்சுயிர் உலர்ந்த பரப்பில் ஏழு நாள் வரையிலும் உயிர்த்திருக்க வல்லதாதலின், ஒரே அலகைப் பலர்க்கு வைத்தல் பெருந்தீங்கு. முடியிறக்குவோர் புதிய அலகு கேட்டுப் பெறுதலும், பணியாளர் அதனைத் தவறாது மாற்றுதலும் அடியார்க்குச் செய்யும் தொண்டே என உணர்தல் வேண்டும். தமிழ்நாட்டு அரசின் இந்து சமய அறநிலையத்துறை 2021-ஆம் ஆண்டில் கோயில்களில் முடிகாணிக்கைக் கட்டணத்தை நீக்கியது. அப்பணியாளர்க்குத் திங்கள்தோறும் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அவ்வாண்டே வழங்கத் தொடங்கியது. காசு ஒருவாறு வந்தது. மதிப்பை அரசாணை தருதல் இயலாது. அதனை அடியார் கூட்டமே தருதல் வேண்டும்.

தருதற்குச் சைவத்தில் தடை உண்டோ எனின், வழிகாட்டியே உண்டு. காஞ்சிமாநகரிலேயே வாழ்ந்த திருக்குறிப்புத்தொண்ட நாயனார் ஏகாலியர் குலத்தவர். அடியார் கந்தையை வெளுத்துக் கொடுத்தலே அவர் பூசை. முதியவர் ஒருவர் கந்தையைக் குறித்த பொழுதுக்குள் உலர்த்தித் தர இயலாதவாறு மழை பெய்தபோது, தம் தலையைத் துணி துவைக்கும் கல்லில் மோதச் சென்றனர். இறைவன் அவர் கையைப் பற்றி ஆட்கொண்டனன். அடியார் உடையின் அழுக்கை நீக்குதல் சிவத்தொண்டாயின், அடியார் தலையின் பாரத்தை இறக்குதல் சிவத்தொண்டாகாதோ? குயவர் திருநீலகண்டரும், பரதவர் அதிபத்தரும், சாலியர் நேசரும் போற்றப்படும் திருத்தொண்டத்தொகையில் நாவிதர் எனச் சுட்டப்பெற்ற தனியடியார் இலர் என்பது உண்மையே. ஆயினும் ஆளுடைய நம்பிகள் தனியடியாரோடு அமையாது தொகையடியாரையும் போற்றினர். அவருள் இறுதியில் நிற்பவர் அப்பாலும் அடிச்சார்ந்தார். பெயரும் ஊரும் காலமும் அறியப்படாது எங்கும் என்றும் தொண்டு செய்வார் அனைவரும் அப்பெயருள் அடங்குவர். திருத்தணி மலையில் கத்தி பிடித்துக் குனிந்திருப்பவரை அப்பெயருக்குப் புறத்தே நிறுத்த எந்தச் சைவருக்கும் உரிமை இல்லை.

ஆகவே, தொடக்கத்திற் கூறிய ஐயம் இங்ஙனம் தீர்கின்றது. இறைவன் சடையும் அரசர் மழித்த தலையும் முரணல்ல. ஏனெனின் சைவம் மயிரை அளவுகோலாகக் கொண்டதன்று. பறித்தும் மழித்தும் வளர்த்தும் ஆணவத்தின் வேரை அணுக முடியாது. அதனை அறுப்பது அருள். அவ்வருளுக்கு உயிரைப் பக்குவமாக்குவது தொண்டு. தலையை மழித்துக்கொள்பவனைவிட, பிறன் தலையை அன்போடு மழித்துக் கொடுப்பவன் தொண்டுக்கு அணியனாதல் கூடும். அடுத்த முறை முடி காணிக்கை செலுத்தும் சைவர், இறைவனைத் தொழுமுன் தம் தலையைத் தொட்ட அக்கைகளுக்கும் ஒருமுறை தலைவணங்குவாராக. அப்போது இறங்குவது மயிர் மட்டுமாய் இராது.

திருச்சிற்றம்பலம்.